மைக் மாமாவின் நரிகள்

குடியிருப்பு முதலில் வந்ததா, கோழிக் கொட்டகை முதலில் வந்ததா என்று அந்தப் பக்கத்தில் அடிக்கடி சண்டை வரும். இரண்டுக்கும் முன்னால் வந்தது நரி. ஓடைக்கரை முள்புதரில் அது பாட்டுக்கு எலி பிடித்துத் தின்றுகொண்டு கிடந்தது. பிறகுதான் தகரக் கூரை போட்ட கொட்டகை வந்தது. கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு நரியை நின்று பார்க்க நேரமில்லை. வெளுக்கும் முன்னால் லாரியிலிருந்து கூண்டு கூண்டாகக் கோழி இறங்கும். அறுப்பது, வெந்நீர் அண்டாவில் முக்குவது, இறகு உரிக்கும் மெஷினில் போடுவது, குடல் எடுப்பது, கழுவுவது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது என்று கை ஓயாது. எப்போதாவது புதரோரம் ஒரு சாம்பல் வால் தெரிந்தால், "இன்னிக்கு நரி முகத்துல முழிச்சாச்சு, முதலாளி சிரிப்பாரு" என்பார்கள். முதலாளி சிரித்ததில்லை.

அப்புறம் ஓடையின் அந்தக் கரையில் மாடிக் குடியிருப்பு எழுந்தது. அங்கே வீட்டுக்கு ஒரு பால்கனி. பால்கனி இருக்கிறவர்களுக்கு நேரமும் இருந்தது. ஒருநாள் காலையில் மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், கார் நிறுத்தும் இடத்தின் குறுக்கே நரி போவதைப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார். பொழுது சாய்வதற்குள் குடியிருப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி நரியைச் சுட வேண்டும் என்றது. மறுபாதி அதை நலச்சங்கத்தின் சின்னமாக்க வேண்டும் என்றது. இரண்டு பாதியும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், எல்லாவற்றுக்கும் காரணம் கோழிக் கொட்டகை என்பது.

பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கச் சங்கச் செயலாளரிடம் ஒரே கருவிதான் இருந்தது. அது மைக். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, சிமென்ட் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூட்டைகளிடம் பேச முடியாமல் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் இப்போது சங்கத்துச் சமுதாயக் கூடத்தில் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு மைக் மாமா என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, விருது மாதிரி வாங்கிக்கொண்டார்.

'நரியோடு வாழ்வது எப்படி?' என்ற சொற்பொழிவுத் தொடரைத் தொடங்கியவர் அவர்தான். நரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்ணை எங்கிருந்தோ தேடிப் பிடித்து அழைத்து வந்தார். அந்தப் பெண் உருப்படியானவள். வெயிலில் கறுத்த முகம், முள் கிழித்த கை. முதல் சொற்பொழிவில் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நரி நம்மளைப் பார்த்து ஓடணும். ஓடற வரைக்கும்தான் அதுக்கு உயிர், நமக்கு நிம்மதி. நாம சோறு போட ஆரம்பிச்சா அது கிட்ட வரும். கிட்ட வந்தா என்னிக்காவது ஒரு குழந்தை மேல பல்லு படும். அப்புறம் எல்லாத்தையும் விஷம் வெச்சுக் கொன்னுடுவாங்க. வேற ஒரு ஊர்ல நான் கண்ணால பார்த்தேன். அதனால குப்பைத் தொட்டியை மூடி வைங்க. எதிர்ல வந்துட்டா திரும்பி ஓடாதீங்க. நிமிர்ந்து நின்னு, கையைத் தூக்கி, சத்தம் போடுங்க."

எல்லோரும் கூச்சத்தோடு கையைத் தூக்கி ஒத்திகை பார்த்தார்கள். குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போட்டார்கள். நரி வருவது நின்றுவிட்டது. அத்தோடு கூட்டம் வருவதும் நின்றுவிட்டது. இரண்டாவது சொற்பொழிவில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. வந்த சிலரும், "நரியே இல்லாம நரியோட எப்படி வாழறது?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஆராய்ச்சிப் பெண்ணுக்குச் சந்தோஷம். மைக் மாமாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்றாவது சொற்பொழிவுக்குச் சுகாதார அதிகாரியைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். கூட்டம் முடிந்ததும் ஓடைக்கரைக்கு அழைத்துப்போய் நரியை நேரில் காட்டுவதாக வாக்கும் கொடுத்திருந்தார்.

அதே சுகாதார அதிகாரி அந்த வாரம் கொட்டகைக்கு வந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். கொட்டகையை மேற்பார்வை பார்க்கிறவளை, அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்து, ரப்பர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"புகார் வந்திருக்கும்மா. உங்க கழிவுக்குத்தான் நரி வருதாம்."

"மூடி போட்ட டிரம் சார். எங்களுக்கே திறக்க ரெண்டு ஆள் வேணும். தினம் வண்டியில போயிடுது. வந்து பாருங்க."

அவர் வந்து பார்க்கவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூணாவது கூட்டத்துல நிபுணர் என்ன சொல்றாங்களோ, அதை வெச்சுத்தான் உரிமத்தைப் புதுப்பிக்கிறதா மூடறதான்னு சொல்லுவேன். நீங்களும் வந்து உக்காருங்க."

முதலாளிக்கு வேறு இரண்டு இடங்களில் கொட்டகை உண்டு. இதை மூடினால் கோழியை அங்கே திருப்பிவிடுவார். கோழிக்கு லாரி வரும். ஆட்களுக்கு வராது. அக்காவின் புருஷனுக்கு அந்தக் கூண்டுகளைத் தூக்கித் தூக்கியே முதுகு போயிருந்தது. வீட்டில் பலகையில் படுத்தபடி கூரையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கையில் கத்தி இருக்கிற வரைக்கும்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். கொட்டகையில் இருந்த மற்றவர்களின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

மைக் மாமா கொட்டகையின் பின்வாசலுக்கு வந்தது அதற்கு மறுநாள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி.

"அம்மா, கொஞ்சம் குடல், கழுத்து, தோல் ஏதாவது கிடைக்குமா? என் மச்சினன் வீட்டு நாய்க்கு."

கழிவு வண்டி ஓட்டுகிற அக்காவின் கொழுந்தன் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "மச்சினன் வீட்டு நாய் புதர்லயா சார் குடியிருக்கு? நேத்து சாயங்காலம் நீங்க ஓடைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்ததைப் பார்த்தேன்."

மைக் மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலே தெருவுக்குக் கேட்டது. "நரிக்குத்தாம்மா. கூட்டத்தன்னிக்கு ஒரே ஒரு நரியாவது தலையைக் காட்டணும். இல்லேன்னா என் மானம் போயிடும்."

"அந்த மேடம் போடக்கூடாதுன்னுதானே மைக்ல சொன்னாங்க? இங்க வரைக்கும் கேட்டுச்சே" என்றாள் அக்கா.

"நிரந்தரமா போடக்கூடாது. நான் தற்காலிகமா போடறேன்." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அதிகாரி நம்ம ஆளு. கூட்டத்துல உங்க கொட்டகையைப் பத்தி நாலு நல்ல வார்த்தை நான் சொல்றேன். செயலாளர் சொன்னா அவர் தட்ட மாட்டார்."

அக்கா தூக்குச்சட்டியைப் பார்த்தாள். அந்த மேடம் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். உரிமம் வேண்டும் என்பதும் தெரியும். சட்டியை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள்.

அவர் போனதும் கொழுந்தன், "அண்ணி, நரி வருதுன்னு நம்ம வயித்துல அடிக்கிறாங்க. அந்த நரிக்கு நாமளே பந்தி வைக்கறமே, நல்லா இருக்கு நியாயம்" என்றான்.

"நியாயம் பேசறதுன்னா நீ போய்ப் பேசு. எனக்கு வேலை இருக்கு."

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்கிற வேளையில் மைக் மாமா சட்டியோடு சமுதாயக் கூடத்துக்குப் போவார். கூடத்தின் பின்சுவர் ஓடையைப் பார்த்தது. சுவரோரம் ஒரு பழைய தட்டில் குடலைக் கொட்டுவார். தினமும் கூடத்துக்கு எதற்குப் போகிறார் என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, உள்ளே போய் மைக்கைப் போட்டுச் சோதிப்பார். "ஹலோ. ஹலோ. செக். செக். ஒன் டூ த்ரீ." அவருக்கு அது காரணம் மட்டுமில்லை, இன்பமும்தான். தன் குரல் ஓடையைத் தாண்டிப் போய், கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பி வருவதைக் கண்ணை மூடிக் கேட்பார். இதில் ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவே இல்லை. தினமும் ஒரே வேளையில் அதே குரலும் அதே குடலும் சேர்ந்து வந்தால், கேட்கிற காது நரியுடையதாக இருந்தாலும் பாடம் ஏறிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், கொடுத்த வாக்கை நினைவுபடுத்த அக்கா கூடத்துக்குப் போனாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், பின்சுவரோரம் இரண்டு நரிகள். ஒன்று பெரியது, காதில் பழைய கிழிசல். இன்னொன்று அதன் பிள்ளையாக இருக்கும். தட்டு காலி. சாப்பிட்டு முடித்தும் போகாமல், மேலாளர் கூப்பிடுவார் என்று காத்திருக்கிற ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"பாத்தீங்களாம்மா, என்ன மரியாதை" என்றார் மைக் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. "என் பிள்ளைங்க கூட நான் பேசறப்ப இப்படி உக்காந்து கேட்டதில்ல."

"இது நல்லதுக்கில்ல சார்."

"எல்லாம் நல்லதுக்குத்தான். நீங்க கவலைப்படாதீங்க, உங்க விஷயம் என் நாக்கு நுனியில இருக்கு."

மூன்றாவது சொற்பொழிவன்று கூடத்தில் எள் போட்டால் விழாது. நரி வருமாம் என்று எப்படியோ கசிந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் பனிக்காட்டில் நிற்கும் ஒரு சிவப்பு விலங்கு.

ஆராய்ச்சிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது நம்ம நரி இல்ல. இது வேற இனம், குளிர் தேசத்துல இருக்கிறது" என்றாள்.

"தெரியும் மேடம். நம்மது பார்க்கக் கொஞ்சம் சுமாரா இருந்துச்சு."

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர் உரை என்று எல்லாம் முடிந்தபோது, பேச்சாளருக்கு மிஞ்சியது வந்தவர்கள் கொட்டாவி விடுகிற நேரம் மட்டும். அதற்குள்ளேயே கேள்விகள் வேறு. நரி தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகுமா என்று ஒரு பெண்மணி கேட்டார். போகும், அதனால் தனியாக வெளியே விடாதீர்கள் என்றாள் ஆராய்ச்சிப் பெண். "அப்ப நரிக்கு நாய்ன்னா ஆகாதா?" என்று அந்தப் பெண்மணி வருத்தப்பட்டார். இன்னொருவர் எழுந்து, நரி முகத்தில் விழித்தால் யோகம் என்கிறார்களே, அதை வீடியோவில் பார்த்தாலும் பலிக்குமா என்று கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கொழுந்தன், "நாங்க தினம் பாக்கறோம் சார், இன்னும் ஒண்ணும் பலிக்கல" என்றான். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அதிகாரியின் முகத்தையும் மைக் மாமாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு நல்ல வார்த்தை வரவேற்புரையில் வரவில்லை.

"கடைசியா ஒண்ணு" என்று ஆராய்ச்சிப் பெண் தொடங்கியபோது மைக் கரகரத்து நின்றுபோனது. மைக் மாமா துள்ளி எழுந்தார். ஒயரை ஆட்டினார், ஊதினார், உள்ளங்கையால் தட்டினார், மைக்குக்கு மறுபடி உயிர் வந்தது. பிறகு பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"ஹலோ. ஹலோ. செக். செக். ஒன் டூ த்ரீ."

பக்கவாசல் திறந்திருந்தது. காது கிழிந்த நரி அதன் வழியாக உள்ளே வந்தது. பயந்து வரவில்லை, பாய்ந்தும் வரவில்லை. தாமதமாக வந்து இடம் தேடுகிற ஆள் மாதிரி வந்தது. நடுவில் விட்டிருந்த நடைபாதையில் நடந்து, மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, மைக் மாமாவை அண்ணாந்து பார்த்தது.

"யாரும் ஓடாதீங்க" என்றாள் ஆராய்ச்சிப் பெண். "நிமிர்ந்து நில்லுங்க. கையைத் தூக்குங்க. சத்தம் போடுங்க, அது போயிடும்."

எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். கையைத் தூக்கினார்கள். ஒவ்வொரு கையிலும் போன் இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை, பதிவில் கெட்டுவிடும் என்று பக்கத்துக் குழந்தைகளின் வாயையும் பொத்தினார்கள்.

அவள் தானே இறங்கி வந்து, இரண்டு கையையும் தட்டிக் கத்தினாள். நரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இது காட்டு நரி மாதிரியே இல்லை. யாரோ தினமும் தீனி போட்டுப் பழக்கியிருக்காங்க. யாரு?"

சுகாதார அதிகாரி தொண்டையைச் செருமினார். "யாருன்னு என்ன கேள்வி? ஓடைக்கு அந்தப் பக்கம் கோழிக் கொட்டகை இருக்கு. செயலாளரே சொல்லட்டும்."

மைக் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் கண்ணைத் தேடினாள். அவர் பேனரில் இருந்த சிவப்பு விலங்கைப் பார்த்தபடி பேசினார். "கழிவு கொட்டகையிலிருந்துதான் வருகிறது என்பதில் எவ்விதச் சந்தேகமும் இல்லை."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா எழுந்தாள்.

"குடல் எங்களோடதுதான் சார். அதை இங்க கொண்டாந்த தூக்குச்சட்டி அவரோடது. தினம் பின்சுவர்ல தட்டுல கொட்டிட்டு உள்ள வந்து மைக்கை டெஸ்ட் பண்ணுவாரு. நான் குடுத்தது தப்பு. எங்க கொட்டகைக்காகப் பேசறேன்னாரு, அதுக்காகக் குடுத்தேன்."

"அபாண்டம்" என்றார் மைக் மாமா. கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அதிகாரி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, சத்தத்தை அடக்கப் பார்த்தார்.

"ஹலோ. எல்லாரும் அமைதியா இருங்க. ஹலோ."

பக்கவாசலில் இரண்டாவது நரி தலையை நீட்டியது.

அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மைக் மாமா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தன் கதை முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனால் குடியிருப்புக்காரர்கள் கைதட்டினார்கள். கூப்பிட்டால் வருகிற நரி. அதுவும் நம்ம சங்கத்து நரி. "மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க, நான் சரியா எடுக்கல" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை போன்களும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்த அதிகாரி, நரி இருந்த பக்கம் அரை அடி நகர்ந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக் அவர் கையில் இருந்தது. கையில் மைக் இருந்தால் மனிதனுக்குக் கருணை சுரக்கும்.

"மக்களும் நரியும் தொழிலும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கொட்டகையின் உரிமம் புதுப்பிக்கப்படும். கொட்டகை நிர்வாகம், உயிரினப் பாதுகாப்புக்கு இப்போது போலவே எப்போதும் ஒத்துழைப்பு நல்க வேண்டும்."

ஆராய்ச்சிப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மைக் இல்லாததால் முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கொட்டகைக்கு வந்தாள். மூக்கை மூடாமல் உள்ளே வந்தாள். கவிழ்த்துப் போட்ட கூண்டின்மேல் உட்கார்ந்தாள்.

"நீங்க குடுக்கிறதை நிறுத்தினாப் போதும்" என்றாள்.

"நிறுத்தினா ஒத்துழைக்கலைன்னு உரிமத்தைப் பிடுங்குவாங்க. நான் குடுக்காட்டி அவர் கடையில வாங்கிப் போடுவாரு. இப்ப அவருதான் ஊருக்கே ஹீரோ மேடம்."

"அதுங்க செத்துப்போகும்."

அக்கா பிளீச்சிங் பவுடரைத் தரையில் தூவினாள். "உண்மையச் சொல்லட்டுமா? நரி செத்தா நான் அழ மாட்டேன். தினம் எத்தனை கழுத்தை அறுக்கறேன், எனக்கு அந்த அழுகை வராது. ஆனா அது ஒரு குழந்தையைக் கடிச்சா, அன்னிக்கே இந்தக் கொட்டகைக்குப் பூட்டு. அப்ப மைக் மாமா எதைப் பார்த்துக்கிட்டுப் பேசுவாருன்னு எனக்குத் தெரியும். அதுங்க கிட்ட வரக்கூடாது. அதுக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

அந்தப் பெண் கூண்டிலிருந்து எழுந்தாள். "பயமுறுத்தணும். வரும்போதெல்லாம், விடாம. அந்த மைக் சத்தம் கேட்டா தீனி இல்ல, ஆபத்துன்னு அதுங்களுக்குப் படணும். போட்ட தீனி வாயில படவே கூடாது. ஒருத்தரால ஆகாது, நாலஞ்சு பேர் வேணும்."

"சத்தம் போடணும், அவ்வளவுதானே?" என்றான் கொழுந்தன். "இறகு மெஷின் ஓடற இடத்துல பேசிப் பழகின தொண்டை மேடம் எங்களுது. நாங்க மெதுவாப் பேசினாலே வீட்ல சண்டைன்னு நினைப்பாங்க."

அன்று சாயங்காலமே தொடங்கினார்கள். மைக் மாமா வழக்கம்போல வந்து சட்டியை நிரப்பிக்கொண்டு போனார். இப்போது அவர் நடையே மாறியிருந்தது, எதிரில் வந்தவர்கள் வணக்கம் வைத்தார்கள். தட்டில் கொட்டிவிட்டு உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு "ஹலோ, செக்" என்றார். புதரிலிருந்து காது கிழிந்தது முதலில் வந்தது, பிள்ளை பின்னால் வந்தது. தட்டை நெருங்கும்போது, சுவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கொட்டகை ஆட்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தகர மூடிகளை ஒன்றோடொன்று மோதினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு ஊளையிட்டார்கள். ஆராய்ச்சிப் பெண் முன்னால் ஓடினாள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினாள். நரிகள் ஓடையைத் தாண்டி, புதரைத் தாண்டி ஓடும் வரைக்கும் விடவில்லை.

உள்ளே மைக் மாமா தன் குரலில் லயித்திருந்தார். வெளியே கேட்ட சத்தம் ஸ்பீக்கரின் எதிரொலி என்று நினைத்து, வால்யூமைக் கொஞ்சம் கூட்டினார்.

கொழுந்தன் தட்டில் இருந்த குடலை வாளியில் அள்ளிக்கொண்டு தட்டைத் துடைத்து வைத்தான். மைக் மாமா வெளியே வந்து காலித் தட்டைப் பார்த்தார். "ஒரு துளி மிச்சம் வைக்கல பாருங்க, பாவம், என்ன பசியோ" என்று வழியில் போனவர்களிடம் சொன்னார். மறுநாள் அதே குடலை அவர் சட்டியிலேயே அக்கா திரும்ப நிரப்பிக் கொடுத்தாள். ஒத்துழைப்பில் ஒரு குறையும் இல்லை.

முதல் சில நாள் நரிகள் திரும்பத் திரும்ப வந்தன. பிறகு தூரத்தில் நின்று யோசித்தன. கடைசியில் ஒரு சாயங்காலம், மைக் "ஹலோ" என்றதுமே புதருக்குள் ஒரு சலசலப்பு எழுந்து, எதிர்ப்பக்கம் போய் அடங்கியது. ஆராய்ச்சிப் பெண் தகர மூடியைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நரின்னா உயிரா இருக்கிற ஒரே ஆளு நீங்க" என்றாள் அக்கா. "உங்களைக் கண்டுதான் அது இந்த ஓட்டம் ஓடுது."

"அதுதான் வேணும்" என்றாள் அவள், வராத குரலில்.

நான்காவது சொற்பொழிவுக்கு வேறு பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நாற்காலிகளை மேடைக்கு முதுகு காட்டிப் பக்கவாசலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். பேச்சாளரை அழைக்கவே மறந்துவிட்டார்கள். மைக் மாமா மைக்கைப் பிடித்தார். "ஹலோ" என்றார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தது. "செக்" என்றார். "ஒன்" என்றார், "டூ" என்றார். பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சலாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். பால்கனியில் நின்றிருந்த ஒருவர்தான் தகவல் சொன்னார். மைக் மாமா ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நரிகள் இன்னும் கொஞ்சம் தூரம் போய்க்கொண்டிருந்தனவாம்.

கூட்டம் கலைந்தபோது மைக் மாமா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இத்தனை நாள் ஒட்டத் துடைத்துத் தின்ற நரி இன்று வராததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். குடலின் தரம் குறைந்துவிட்டது.

இரண்டு நாளில் சுகாதார அதிகாரி கொட்டகைக்கு வந்தார். இம்முறை கைக்குட்டையோடு உள்ளே வரைக்கும் வந்தார்.

"புகார் வந்திருக்கும்மா. நரி வரலையாம்."

அக்கா கத்தியை வைக்கவில்லை. "போன தடவை நரி வருதுன்னு வந்தீங்க சார்."

"அது போன தடவை. உரிமம் குடுக்கும்போதே ஒத்துழைக்கணும்னு சொன்னேனா இல்லையா? சங்கத்துலேர்ந்து மேல வரைக்கும் பேசியிருக்காங்க. மூடச் சொன்னா நான் மூடித்தான் ஆகணும்."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இறகு மெஷினை யாரோ அணைத்தார்கள்.

"மூடுங்க சார்" என்றாள் அக்கா. "காரணத்தை மட்டும் எழுதிக் குடுங்க. நரி வராததால கோழிக் கொட்டகை மூடப்படுதுன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க. நாங்க பேசாம போயிடறோம்."

அதிகாரி பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதுவதற்கு முன்னால் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், உதடு அசைந்தது. மேலதிகாரி அதைப் படிப்பதும், அவருக்கும் மேலே இருக்கிறவர் படிப்பதும் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். பேனாவை மூடினார். வேறு காரணம் கிடைக்குமா என்று டிரம்களைச் சுற்றி வந்தார். மூடியை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. சாக்கடை வாயில் குனிந்து பார்த்தார். தரையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிளீச்சிங் பவுடர்தான் ஒட்டியது.

"சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார். புகார் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"உரிமம் சார்?"

"அதான் குடுத்தாச்சே. சும்மா சும்மா அதையே கேட்டுக்கிட்டு."

யாரோ மெஷினைத் திரும்பப் போட்டார்கள். அதிகாரி உடனே போகவில்லை. பின்வாசலில் போய் நின்று, ஓடையின் அந்தப் பக்கத்துப் புதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, அக்காவிடம் வேறு மாதிரிக் குரலில் கேட்டார்.

"நிஜமாவே இனிமே வராதாம்மா? அன்னிக்கு எடுத்த வீடியோவைக் காட்டினேன், என் பொண்ணு நம்ப மாட்டேங்கிறா. கூட்டிட்டு வந்து நேர்ல காட்டறேன்னு சொல்லிட்டேன்."

"வராது சார்."

"ஒண்ணு கூடவா?"

வாசலில் அன்றைய இரண்டாவது லாரி பின்னுக்கு வந்து நின்றது. கொழுந்தன் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே கோழிகள் சிறகடித்தன.

"வழி விடுங்க சார்" என்றான். "மேல பட்டுடும்."

அதிகாரி சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.